சான்றிதழை எண்ணுகிற அரசு

வெள்ளகவிக்கு எந்த அரசுத் திட்டமும் நடந்து போனதில்லை. போனவை மனிதர்களும் குதிரைகளும்தான்.

கொடைக்கானலில் வட்டக்கானலைத் தாண்டி, டால்பின் நோஸ் பாறையையும் தாண்டிச் சரிவில் இறங்கினால் வருகிற ஊர் அது. பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறது. 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார் சமவெளி வெயிலுக்குப் பயந்து மலையில் குடியேறியபோது மோட்டார் சாலை கிடையாது. துரைகளும் துரைசானிகளும் நாற்காலியில் உட்கார, நம் ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். 1910களில் வத்தலகுண்டுப் பக்கமாகச் சாலை வந்தது. துரைகள் காரில் போனார்கள். மலைச்சரிவில் தூக்குகிற வேலை மட்டும் ஓயவில்லை. நோயாளி என்றால் டோலி. பிரசவ வலி என்றால் டோலி. துரையைத் தூக்கியபோது கூலியாவது கிடைத்தது.

ஊருக்குள் செருப்புப் போடும் வழக்கம் இல்லை. தெருவெல்லாம் கோயில் என்பதால் வந்த மரியாதை. அரசாங்கக் கோப்புகளும் அந்த மரியாதையை அறிந்தே நடந்துகொண்டன. ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டன.

இப்போது சாலை பற்றிச் செய்திகள் வருகின்றன. வரட்டும். தலைமுறை தலைமுறையாகத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்ட சொல்தானே. என் கேள்வி வேறு. சாலை வந்த பிறகு அந்த ஊர்ப் பிள்ளை அதில் ஏறி எங்கே போகும்?

தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்க வெள்ளகவிப் பிள்ளைக்கு இரண்டு திசை. ஏறினால் கொடைக்கானல். இறங்கினால் பெரியகுளம். எங்கே போனாலும் விடுதி அல்லது சொந்தக்காரர் வீடு. காப்பியும் மிளகும் பட்டர் ஃப்ரூட்டும் குதிரை முதுகில் போய் விற்றுத் திரும்பும் காசில் படிப்பு. இத்தனையும் தாண்டிப் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்தால், கையில் இருப்பது கோச்சிங் போகாத பிள்ளையின் மதிப்பெண். நீட் என்ற சொல்லை அது சுவரொட்டியில் பார்த்திருக்கும்.

கவலை வேண்டாம். இப்படிப்பட்ட பிள்ளைக்காகவே நம் நாட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சமுதாயக் கல்லூரி.

கிண்டல் செய்யும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யோசனை நல்ல யோசனை. 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. 1996-ல் சென்னையில் ஒன்று. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் ஊர் ஊராக அலைந்து இதை ஓர் இயக்கமாகவே ஆக்கினார். மார்க்ஷீட்டைப் பார்த்து விரட்டுவதில்லை. வயதைக் கேட்டுச் சிரிப்பதில்லை. ஒரு வருடம். வகுப்பில் கொஞ்சம், தொழில் நடக்கும் இடத்தில் கொஞ்சம். நாலு பேர் முன்னால் நின்று பேசவும் கற்றுத் தருவார்கள். படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று அந்தப் பாதிரியாரின் ஆட்கள் கணக்கு வைத்தார்கள். அறிக்கையும் போட்டார்கள். அரசாங்கத்தில் இல்லாதவர்கள் என்பதால் அவர்களுக்கு அந்தக் கெட்ட பழக்கம் இருந்தது.

பிறகு அரசுகள் இதைப் பார்த்தன. பிடித்துப்போனது.

2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. சமுதாயக் கல்லூரிகளின் தொழிற்கல்விப் பட்டயங்களுக்கு முத்திரை குத்தியது. 2009-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் சமுதாயக் கல்லூரிகளைத் திறந்தது. துணைவேந்தர் மாறினார். 2012-ல் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. உள்ளே இருந்த பிள்ளைகள்? அவர்களும் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழு அதே பெயரில் இன்னொரு திட்டம் கொண்டுவந்தது, முந்தையது நடக்கவே நடக்காததுபோல. 2014-ல் பி.வோக். என்றொரு தொழிற்கல்விப் பட்டம். 2015-ல் தீன்தயாள் உபாத்யாய் பெயரில் கௌஷல் கேந்திரா. 2020-ல் புதிய கல்விக் கொள்கை வந்து, ஒரு வருடத்தில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டு வருடத்தில் வெளியேறினால் பட்டயம் என்று ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல அறிவித்தது. ஒரே குழந்தைக்கு ஆறு முறை பெயர் சூட்டு விழா நடத்தியிருக்கிறோம். பால் வாங்கத்தான் பணம் இல்லை.

சரி, படித்து வெளியே வருகிற பிள்ளைக்கு என்ன ஆகிறது?

வெள்ளகவியிலிருந்து இறங்கிய ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஹெல்த் அசிஸ்டென்ட் பட்டயம் படிக்கிறாள். இந்தக் கல்லூரிகளில் பெண்கள் அதிகம் சேரும் படிப்புகளில் ஒன்று. ரத்த அழுத்தம் பார்க்கக் கற்கிறாள். காயத்துக்குக் கட்டுப்போடக் கற்கிறாள். படுக்கையில் கிடக்கும் கிழவரைப் புண் வராமல் புரட்டிப் போடக் கற்கிறாள். வேலை உடனே கிடைக்கும். பொய் சொல்லக் கூடாது, கிடைக்கும். மதுரையிலோ தேனியிலோ ஒரு தனியார் நர்சிங் ஹோம் வெள்ளைச் சீருடை கொடுத்து அழைத்துக்கொள்ளும். நோயாளி அவளை சிஸ்டர் என்பார். பில்லில் நர்சிங் சார்ஜ் என்று போடுவார்கள். சம்பள நாளில் மட்டும், 'நீ நர்ஸ் இல்லையேம்மா' என்பார்கள்.

அது உண்மையும்கூட. அவளுடைய பட்டயத்தை வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. சரி, மேலே படிக்கலாம் என்று நினைக்கிறாள். நர்சிங் பட்டப்படிப்பில் சேர அந்த ஒரு வருடம் எதற்கும் கணக்கில்லை. பத்து வருடம் வார்டில் நின்றிருந்தாலும் முதலாம் ஆண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவனுக்குப் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் கதவு திறக்கிறது. பாலிடெக்னிக் முடித்தவனுக்கு இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் திறக்கிறது. ஏணி என்றால் என்ன என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. இவளுக்கு எதிரே மட்டும் சுவர் எழுப்பி, அதற்குச் சமுதாயம் என்று பெயின்ட் அடித்திருக்கிறது.

அரசு வேலைக்கு எழுதிப் போடலாமே? போடலாம். கவுன்ட்டரில் நடக்கும் உரையாடல் நமக்கெல்லாம் மனப்பாடம்.

'இது செல்லாதும்மா.'

'கவர்மென்ட் குடுத்ததுதான சார்?'

'கவர்மென்ட்தான். வேற டிபார்ட்மென்ட்.'

இதைக் கற்பனை என்று ஒதுக்குபவர்கள் 2009-ஆம் ஆண்டின் அரசாணையைப் படிக்கலாம். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாக முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டமோ பட்டயமோ பெற்றவருக்கு அது அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் உதவாது என்றது அது. பள்ளிப்படிப்பை முடிக்க முடியாமல் போனவனை உள்ளே அழைக்கத்தான் திறந்தநிலை. அழைத்தது தமிழ்நாடு அரசு. கட்டணம் வாங்கியது தமிழ்நாடு அரசின் பல்கலைக்கழகம். பட்டமளிப்பு விழாவில் ஆளுநர் கையால் கொடுத்தார்கள். பிறகு அதே தமிழ்நாடு அரசு, 'நீ ஏன் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை?' என்று கேட்டது. கந்துவட்டிக்காரன்கூடத் தான் எழுதிக் கொடுத்த சீட்டை ஒப்புக்கொள்வான்.

மத்திய அரசும் இதில் சளைத்ததில்லை. பி.வோக். பட்டம் மற்றப் பட்டங்களுக்குச் சமம், தயவுசெய்து அப்படியே நடத்துங்கள் என்று மானியக் குழு பல்கலைக்கழகங்களுக்கு மறுபடி மறுபடி கடிதம் எழுதியிருக்கிறது. ஒரு பட்டம் பட்டம்தான் என்று சொல்ல எத்தனை கடிதம் வேண்டும்? பி.ஏ.வுக்கு யாராவது இப்படிச் சிபாரிசுக் கடிதம் எழுதிப் பார்த்ததுண்டா?

இதனால் என்ன நடக்கிறது? 2022-ல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. இடம் 7,301. விண்ணப்பம் 21 லட்சத்துக்கும் மேல். கேட்கப்பட்ட தகுதி பத்தாம் வகுப்பு. பட்டதாரிகளும் முதுகலைகளும் இன்ஜினியர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். திறன் திறன் என்று தொண்டை கிழியக் கத்துகிற நாட்டில், திறன் கற்றவனுக்கும் கடைசி நம்பிக்கை பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்.

இனி எனக்குக் கோபம் வரும் இடம்.

சமுதாயக் கல்லூரியில் படித்தவர்கள் ஐந்து வருடம் கழித்து எங்கே இருக்கிறார்கள்? எத்தனை பேர் படித்த வேலையில்? எத்தனை பேர் வேறு வேலையில்? எத்தனை பேர் மேலே படித்தார்கள்? சம்பளம் என்ன? எந்த மேடையிலும் எந்த அமைச்சரும் இதற்கு ஒரு எண் சொல்லி நான் கேட்டதில்லை. தொடங்கிய கல்லூரி எத்தனை என்று சொல்வார்கள். சேர்ந்தவர்கள் எத்தனை என்று சொல்வார்கள். வழங்கிய சான்றிதழ் எத்தனை என்று சொல்லிவிட்டுக் கைதட்டலுக்கு நிறுத்துவார்கள். வாங்கிக்கொண்டு படியிறங்கியவள் எங்கே போனாள் என்பது பேச்சில் வராது. பெரிய கல்லூரிகளை மட்டும் வேறு மாதிரி விசாரிக்கிறார்கள். தேசியத் தரவரிசைப் பட்டியலில் இடம் வேண்டுமென்றால் எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேல்படிப்பு, இடைநிலைச் சம்பளம் என்ன என்றெல்லாம் அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐ.ஐ.டி. பையனின் சம்பளம் தேசத்துக்குத் தெரிய வேண்டும். டோலி தூக்கியவர் மகளின் சம்பளம் தெரிய வேண்டாம்.

எண்ணத் தெரியாத மலையா இது? கொடைக்கானல் வானாய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துப் புள்ளிகளைப் பதிவு செய்கிறார்கள். பதினைந்து கோடிக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புள்ளி. 2024 மே மாதத்திலிருந்து மலையேறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். உயர் நீதிமன்றம் கேட்டது, எண்ணுகிறார்கள். எந்த ஊர் வண்டி, எத்தனை தலை, எங்கே தங்கல், எல்லாம் பதிவு. சூரியனில் இருக்கும் கறை கணக்கில் உண்டு. இன்னோவாவில் வரும் குடும்பம் கணக்கில் உண்டு. படித்து முடித்த நம் பிள்ளை மட்டும் கணக்கில் இல்லை.

எண்ணினால் என்ன வரும் என்று தெரிந்துகொண்டு எண்ணாமல் இருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். உங்களுக்கும் அது இருக்கும்.

சந்தேகத்துக்குச் சாட்சி வேண்டுமா? சமுதாயக் கல்லூரியின் பணக்காரத் தம்பி ஒன்று உண்டு. பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனா என்ற திறன் பயிற்சித் திட்டம். 2015 ஜூலை 15 அன்று தொடக்கம். அதை ஒருமுறை எண்ணிப் பார்த்தது தணிக்கைத் துறை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில், 95 லட்சத்துக்கும் அதிகமான பயனாளிகளில் 94 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களின் வங்கிக் கணக்குக் கட்டத்தில் பூஜ்யம், அல்லது ஒன்றுமில்லை. மிச்சமிருந்தவற்றிலும் ஒன்று ஒன்றாக வரிசையில் அடித்த எண்கள், 123456 என்று தொடங்கும் எண்கள். கணக்கு எண் கட்டத்தில் ஊர் பேரும் ஆள் பேரும். ஒரே ஆளின் புகைப்படம் பல பெயர்களில். பயனாளிகளிடம் நேரடியாகவே கேட்போம் என்று தணிக்கையாளர்கள் மின்னஞ்சல் அனுப்பினார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்ச் சேரவே இல்லை. பதில் வந்தது 171. அதில் 131 ஒரே மின்னஞ்சலிலிருந்தோ பயிற்சி நிறுவனங்களின் முகவரியிலிருந்தோ வந்தவை.

பயிற்சி கொடுத்தவனே பயனாளியாகவும் பதில் எழுதியிருக்கிறான். பல்திறன் என்பது இதுதான்.

2009-ல் மத்திய அரசு போட்ட திறன் கொள்கை, 2022-க்குள் 50 கோடிப் பேருக்குத் திறன் என்றது. 2015-ல் அது 40 கோடி ஆனது. காணாமல் போன பத்துக் கோடி இந்தியர்களை யாரும் தேடவில்லை. 2022 வந்தது, போனது. புதிய கல்விக் கொள்கை, 2025-க்குள் மாணவர்களில் பாதிப் பேராவது தொழிற்கல்வியைத் தொட்டிருப்பார்கள் என்றது. 2025-ம் போனது. இந்தக் கொள்கையை எதிர்ப்பவர்கள் என்று மார்தட்டும் நம் மாநிலமும் லேசுப்பட்டதில்லை. அன்றைய முதல்வரின் பிறந்த நாளான மார்ச் 1 அன்று, 2022-ல், நான் முதல்வன் திட்டம் தொடங்கியது. ஆண்டுக்குப் பத்து லட்சம் இளைஞர்கள் என்றார்கள். டெல்லிக்கும் சென்னைக்கும் மொழியில் சண்டை, நிதியில் சண்டை. தலைகளை லட்சத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்குவதில் மட்டும் கூட்டணி உறுதியாக இருக்கிறது.

சமுதாயக் கல்லூரி என்ற யோசனையை அமெரிக்காவைப் பார்த்துத்தான் எடுத்தோம். அங்கே ஜோலியட் என்ற ஊரில் 1901-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுடைய கணக்கு அப்படியொன்றும் பெருமைக்குரியதில்லை. சேருகிறவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் இளங்கலைப் பட்டம் வரை போக ஆசைப்படுகிறார்கள். ஆறு வருடத்தில் பட்டம் வாங்குவது சுமார் 16 விழுக்காடு. வெட்கக்கேடான எண். ஆனால் அந்த எண் அவர்களிடம் இருக்கிறது. பத்திரிகையில் வருகிறது. அரசியல்வாதி அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2015-லிருந்து அரசு இணையத்தில் கல்லூரிப் பெயரைத் தட்டினால், அங்கே படித்தவர்கள் பிற்பாடு என்ன சம்பாதிக்கிறார்கள் என்று பார்க்கலாம். நாம் அவர்களிடமிருந்து பெயர்ப்பலகையை இறக்குமதி செய்தோம். கணக்குப் புத்தகத்தைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம்.

மலைக்கு வேலைவாய்ப்பு வந்த கதையும் ஒன்று உண்டு. 1980களில் நியூயார்க் மாநிலத்தின் ஒரு ஊரில் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை, இயந்திரங்களோடு கொடைக்கானலுக்கு ஏறி வந்தது. பாதரசத்தில் மலைப் பிள்ளைகள் வேலை செய்தார்கள். கழிவு பாம்பார் சோலைக்குள் இறங்கியது. 2001-ல் ஆலை மூடப்பட்டது. 2016-ல், ஆலையை நடத்தி வந்த இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஒப்பந்தம் போட்டது. இங்கே மட்டும் எண்ணிக்கை எப்படிக் கச்சிதமாக வந்தது பாருங்கள். தொழிலாளர்கள் பதினைந்து வருடம் போராடினார்கள். பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போராடினார்கள்.

அதே கொடைக்கானல் ஏரிக்கரையில் 1901-ல் தொடங்கிய சர்வதேசப் பள்ளி இருக்கிறது. நல்ல பள்ளி. அங்கே படிக்கும் பிள்ளை எந்த நாட்டுக் கல்லூரிக்குப் போனது என்று பள்ளிக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியும், அடுத்த வருடம் சேரப் போகிறவருக்கும் தெரியும். கட்டணம் கட்டுகிறவர் கேட்பார், ஆகவே சொல்கிறார்கள். சரிவில் இறங்கி வந்து சமுதாயக் கல்லூரியில் சேர்கிற பிள்ளையின் அப்பா யாரிடம் கேட்பார்? அவர் கூசிக்கொண்டு நிற்கிறார். வரிப்பணம் அவருடையதும்தான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

எண்ணுவது பெரிய வித்தையும் இல்லை. ஒரு நோட்டு. வருடம், படிப்பு, சேர்ந்தது எத்தனை, முடித்தது எத்தனை. இரண்டு வருடம் கழித்து ஒரு போன். ஐந்து வருடம் கழித்து இன்னொரு போன். வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாக ஏறி இறங்குகிற அரசு இது. ஓட்டுப் போட வேண்டிய நாளில் மலைமேல் இருக்கும் ஊருக்குக்கூட வாக்குப்பதிவு இயந்திரம் சுமந்து போகிறார்கள். அந்த ஒரு நாள் மட்டும் எவ்வளவு செங்குத்தான பாதையும் ஏறக்கூடியதாகிவிடுகிறது.

அமைச்சர் சொல்வார் என்று இனிக் காத்திருக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். உங்கள் மாவட்டத்தில் அங்கீகரித்த சமுதாயக் கல்லூரிகள் எவை, ஒவ்வொரு வருடமும் முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலையில் இருப்பவர் எத்தனை, மேல்படிப்புக்குப் போனவர் எத்தனை. நாலே வரி. முப்பது நாளில் பதில் தர வேண்டும். 'அவ்வாறான பதிவேடு ஏதும் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள். கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துப் பத்திரமாக வையுங்கள். அரசு இந்த விஷயத்தில் கொடுக்கும் தாள்களிலேயே எல்லா இடத்திலும் செல்லக்கூடியது அது ஒன்றுதான்.